சேற்றுக்குள் எண்ணிய வரிகள்

ஸ்காட்லாந்தின் தென்மேற்கே, கேலோவே மலைப்பகுதியின் கிரானைட் பாறைமேல் ரவுண்ட் லாக் ஆஃப் க்ளென்ஹெட் என்றொரு சிற்றேரி. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் ரோஜர் ஃப்ளவரும் ரிக் பாட்டர்பீயும் அதன் அடிச்சேற்றில் வாசித்ததை 1983-இல் வெளியிட்டார்கள். நுட்பத்துக்காகவே திரும்பத் திரும்ப ரசிக்கத்தக்க வேலை அது.

டயாட்டம் ஒற்றைச் செல் பாசி. அதன் ஓடு சிலிக்கா. சிமிழும் மூடியும்போல ஒன்றையொன்று கவ்வும் இரண்டு பாதிகள். உயிர் போனாலும் ஓடு மக்காது. சேற்றை ஹைட்ரஜன் பெராக்சைடில் சூடாக்கினால் அழுகல் எல்லாம் கரைந்து ஓடுகள் மிஞ்சும். பிறகு நுண்ணோக்கியடியில் இனம் பிரிக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்குக்குள் எத்தனை வரிகள் ஓடுகின்றன என்று எண்ணுவதுகூட இதில் சேரும். அடுக்குக்கு அடுக்கு நூற்றுக்கணக்கான ஓடுகள். என்ன பொறுமை!

அடுக்குகளின் வயதைக் காரீயம்-210 சொன்னது. அது 22 ஆண்டுக்கொரு முறை பாதியாகத் தேய்வதால் சுமார் 150 ஆண்டுகள் வரை பின்னே போகலாம். ஏரி அமிலமான கதை தொடங்கும் இடமும் அந்த எல்லைக்கு அருகிலேயே இருந்தது. 1850 வாக்கில் பிராக்கிசைரா விட்ரியா என்ற டயாட்டம் அருகத் தொடங்குகிறது. மெலிந்து, ஈட்டிமுனைபோல் ஒடுங்கிய அழகி அவள். அமிலம் மிகுந்தால் தாங்கமாட்டாள். மேலே வர வர டபெல்லாரியா பைனாலிஸ் தலைகாட்டுகிறது: இடை சிறுத்து இரு முனையும் பருத்த ஓடு, கடும் அமிலத்தில் செழிப்பது. எந்த இனம் எந்த நீரில் வாழும் என்ற கணக்கை வைத்துப் பார்த்தால், ஏரியின் பிஎச் சுமார் 5.5-இலிருந்து 4.7 அளவுக்கு இறங்கியிருந்தது.

ஏரிகள் அமிலமாவதற்கு ஊசியிலை மரங்களை நட்டதே காரணம் என்று வாதிட்டவர்கள் உண்டு. ஆனால் இந்த ஏரியைச் சுற்றி நட்ட காடே இல்லை, வெறும் புல்வெளியும் புதர்வெளியும்தான். இப்படியொரு ஏரியைத் தேர்ந்ததுதான் என்னை அதிகம் கவர்கிறது. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பழைய சேற்றைப் பிற்பாடு ஆராய்ந்தபோதும் இவ்வளவு வேகமான அமிலச்சரிவு தென்படவில்லை. மேலடுக்குகளிலோ, எரிபொருள் உலைகள் கக்கிய உருண்டைக் கரித்துகள்கள் டயாட்டங்களோடு கலந்து கிடந்தன. மழையில் வந்த கந்தகம்தான் காரணம் என்பதை மறுக்க இடமில்லாமல் போயிற்று.

பின்னர் கந்தக உமிழ்வு குறைந்தது, நீரும் மெல்லத் தேறுகிறது. ஆனால் புதிதாகப் படியும் சேற்றில் 1850-க்கு முந்தைய பாசிக் கூட்டம் அதே விகிதத்தில் திரும்பவில்லை.