மடக்குக் கத்தியும் அரிவாள்மணையும்

சென்ற தை மாதம் அண்ணன் மகன் தொலைபேசியில் அழைத்தான். பெங்களூரில் வேலை. மாசியில் பம்மலில் ஒரு மண்டபத்தில் கல்யாணம். "அத்தை, என் ஃப்ரெண்ட்ஸ் அஞ்சு பேரு கூட நிக்கிறாங்க. ஆளுக்கு ஒரு பாக்கெட் கத்தி கொடுக்கலாம்னு இருக்கேன். ஐந்நூறுக்குள்ள நல்லதா பாருங்க. பிடியில தமிழ்ல ஒரு வரி பொறிக்கணும். வீரம், நட்பு அந்த மாதிரி. புறநானூறுல இருந்து ஒன்னு எடுத்துக் கொடுங்க, நீங்கதானே இருக்கீங்க."

இருபது ஆண்டுகளாகப் புறநானூறு நடத்துகிறேன். கத்திப் பிடிக்கு வரி கேட்டு யாரும் வந்ததில்லை. மறுக்கவும் மனமில்லை, கொடுக்கவும் மனமில்லை. அந்த இரண்டு வாரத் தயக்கத்தில் யோசித்தவைதான் இந்தக் கட்டுரை.

முதலில் தோழர்களைப் பற்றி. மணமகனோடு ஒரே நிறச் சட்டையில் ஐந்தாறு இளைஞர்கள் அணிவகுத்து நிற்பது நம் மண்டபங்களுக்குப் புதிது. மாப்பிள்ளைத் தோழன் புதிதல்ல. யாழ்ப்பாணத்துத் திருமணங்களில் பெண்ணின் சகோதரன் தோழனாக நின்று மாப்பிள்ளையின் காலைக் கழுவி வரவேற்பான்; மாப்பிள்ளை அவன் விரலில் மோதிரம் போடுவார். பெண்ணைக் கொடுக்கும் வீட்டுப் பையனுக்கும் பெண்ணை எடுக்கும் வீட்டுப் பையனுக்கும் நடுவே ஒரு கணக்கு அந்த மோதிரத்தில் முடிகிறது, அல்லது தொடங்குகிறது. இன்றைய 'குரூம்ஸ்மேன்' வரிசையில் பெண் வீட்டுப் பையனுக்கு இடமில்லை. ஆண்கள் தங்களுக்குள் கொடுத்து வாங்கிக்கொள்கிறார்கள். மோதிரம் போய்க் கத்தி வந்திருக்கிறது.

அகநானூற்றின் 86ஆம், 136ஆம் பாடல்கள் இரண்டு திருமணங்களைக் காட்டுகின்றன. மாணவியர் ஒவ்வோர் ஆண்டும் வியப்பது அங்கே புரோகிதர் இல்லை என்பதை. எனக்கு வியப்பு வேறு. 86இல் மணப்பெண்ணை நீராட்டி வாழ்த்துபவர்கள் மகனைப் பெற்ற மகளிர் நால்வர். சடங்கின் வேலையைச் செய்பவர்களும் பேசுபவர்களும் பெண்கள். தலைவனின் நண்பனாகிய பாங்கனை அங்கே தேடினால் கிடைக்கமாட்டான். அகப்பாடல்களில் அவன் வருவதெல்லாம் பெரும்பாலும் காதலில் மெலிந்தவனை இடித்துரைக்கத்தான். தோழியோ செய்தி கொண்டு போகிறாள், பொய் சொல்கிறாள், இரவில் காவல் நிற்கிறாள், உடன்போக்குக்கு வழி செய்கிறாள். செவிலியின் மகள் என்று தொல்காப்பியம் அவளுக்கு உறவும் சொல்கிறது. தோழிக்குத் தலைவி என்ன பரிசு கொடுத்தாள்? எந்தப் பாட்டிலும் நான் பார்த்ததில்லை. அவள் உழைப்பு அன்பின் கணக்கில் போயிற்று, நம்முடையதைப் போலவே.

கல்யாணத்தில் இரும்புக்கு நெடுநாளாக இடம் உண்டு. குடகில் மாப்பிள்ளை இடுப்பில் பீச்சேக்கத்தி செருகிக்கொள்கிறார். நட்டு வைத்த வாழைத்தண்டுகளை வெட்டிச் சாய்ப்பது அங்கே சடங்கு. வடக்கே ராஜபுத்திரர்களிடம் மாப்பிள்ளை வரமுடியாதபோது அவருடைய வாளை அனுப்பி மணம் முடிக்கும் வழக்கம் இருந்தது. அவ்வளவு தூரம் போகவேண்டாம், தஞ்சாவூருக்கே வரலாம். 1855இல் இறந்த கடைசி மராட்டிய மன்னர் சிவாஜியின் அரண்மனையில் 'கத்திக் கல்யாணம்' செய்யப்பட்ட பெண்கள் இருந்தார்கள். அவர்கள் மனைவியரா, ஆசைநாயகியரா என்ற கேள்வி, அரண்மனைச் சொத்து வழக்கின் பகுதியாக, 1920களில் சென்னை உயர் நீதிமன்றம் வரை வந்தது. ஒரு பெண்ணுக்குக் கணவனாக வாள் போதும். அதே பெண் சொத்தில் பங்கு கேட்டால் வாள் போதாது. இதை வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிப்பு அடங்கியதும் யாராவது ஒருத்தி கேட்பாள்: "அந்தப் பொண்ணுங்க பேரு என்ன மேம்?"

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போனேன். பழைய தட்டச்சுப்பொறி, மீன் தொட்டி, புறா, செடி, கழன்ற மின்விசிறி என எல்லாம் தரையில் விரிந்து கிடக்கும் இடம். வெள்ளியன்று போனதற்கு அண்ணி காரணம். சனிக்கிழமை இரும்பு வாங்கக் கூடாதாம். பொழிச்சலூரில் இருந்துகொண்டு அதை மீற முடியாது. எங்கள் அகத்தீஸ்வரர் கோயிலுக்கு வடதிருநள்ளாறு என்று பெயர். சனிக்கிழமைகளில் எள் விளக்குக் கூட்டத்தில் தெருவே அடைபடும். இரும்பு சனீஸ்வரனின் உலோகம்.

சந்தையில் மடக்குக் கத்திகள் நூற்றைம்பதிலிருந்து கிடைத்தன. சிவப்புப் பிடியில் வெள்ளைச் சிலுவை போட்ட போலிகளும் இருந்தன. அசலின் கதை எனக்குப் பிடித்தது. கார்ல் எல்செனர் 1884இல் சுவிட்சர்லாந்தின் இபாக் என்ற ஊரில் பட்டறை தொடங்கினார். 1891 முதல் அந்நாட்டுப் படைவீரர்களுக்குக் கத்தி கொடுத்தார். 1909இல் அவருடைய தாய் விக்டோரியா இறந்தபின் அவர் பெயரையே கத்திக்கு இட்டார். 1921இல் துருப்பிடிக்காத எஃகைக் குறிக்கும் 'இனாக்ஸ்' அதனோடு சேர்ந்து 'விக்டோரினாக்ஸ்' ஆயிற்று. உலகமெங்கும் ஆண்கள் ஆண்மையின் அடையாளமாகப் பையில் வைத்திருப்பது ஒரு அம்மாவின் பெயரை.

ஐந்நூறு ரூபாய்க்குள் கத்தி வாங்குகிறவர்களுக்கு என் அனுபவம்: விரித்தபின் அலகு ஆடக்கூடாது, பூட்டு இருக்கவேண்டும், இல்லையென்றால் அழுத்தும்போது மடங்கி விரலை வெட்டும், கத்தரி, திருப்புளி, ரம்பம் எனப் பத்துக் கருவி வைத்த மலிவுக் கத்தியைவிட ஒரே அலகு உள்ளது மேல். சட்டமும் தெரிந்திருக்கட்டும். 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு, ஆயுதச் சட்டத்தின்கீழ் வரும். வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் ஆனவற்றுக்கு விலக்கு உண்டு. என் அம்மாவின் அரிவாள்மணை அலகை அளந்து பார்த்தேன், பத்தரை அங்குலம். சட்டம் அதைப் பொருட்படுத்துவதில்லை. பெண் தினமும் தொடும் கூர்மை ஆயுதமாக எண்ணப்படுவதே இல்லை.

அரிவாள்மணையைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். உலகத்தில் மற்றக் கத்திகளில் கை அலகைப் பொருளிடம் கொண்டுபோகிறது. இங்கே அலகு அசையாது. பொருள்தான் அதனிடம் போகவேண்டும். அதோடு பெண்ணும் போகவேண்டும். ஒரு காலை மடக்கி, மறு பாதத்தால் மணையை அழுத்தி, குனிந்து உட்கார்ந்தால்தான் அது கத்தி. நுனியில் தேங்காய் துருவும் பல். எடுத்துக்கொண்டு ஓட முடியாது, ஓங்க முடியாது. ஆணின் கத்தி மடங்கிப் பைக்குள் போகிறது. இங்கே கத்தி மடங்குவதில்லை, மடங்குவது அவள்.

பை என்ற சொல்லிலேயே ஒன்று இருக்கிறது. பாக்கெட் கத்திக்குப் பாக்கெட் வேண்டும். என் வயதுப் பெண்களுக்குச் சேலையிலும் இல்லை, சுடிதாரிலும் இல்லை. இருந்தது ஜாக்கெட்டுக்குள் ஒரு மணிபர்ஸ் இடம். எங்களுடைய மடக்குக் கத்தி ஊக்குதான். பல்லாவரத்திலிருந்து கல்லூரிக்குப் பேருந்தில் போன நாட்களில், சேலை மடிப்பில் குத்தியிருந்ததைக் கழற்றி விரலிடுக்கில் பிடித்துக்கொள்ள யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று நினைவில்லை. எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அதை யாரும் பரிசாகக் கொடுத்ததில்லை. அதில் யாரும் வரி பொறித்ததில்லை.

இனி அந்த வரி. வீரம் என்றதும் எல்லாரும் புறநானூறு 312க்குப் போகிறார்கள். மகனைப் பெற்று வளர்ப்பது தாயின் கடமை, சான்றோனாக்குவது தந்தையின் கடமை, வேல் வடித்துக் கொடுப்பது கொல்லனின் கடமை என்று அடுக்கும் பாடல். பெண்பாற் புலவராகக் கருதப்படும் பொன்முடியார் பாடியது. பட்டிமன்றத்திலும் அரசியல் மேடையிலும் இதைக் கைதட்டலுக்காகச் சொல்லிச் சொல்லி, அந்தப் பட்டியலில் மகள் என்று ஒருத்தி இல்லை என்பதே கேட்காமல் போய்விட்டது. தாய்க்கு ஒரே வேலை, பெற்று வளர்ப்பது. அந்தக் குரலைப் பெருமிதமாகத்தான் வாசிக்கவேண்டுமா என்று எனக்கு இன்னும் சந்தேகம். எல்லாருக்கும் பங்கு பிரித்தபின் தன் கையில் எதுவும் மிஞ்சாதவளின் கணக்காகவும் அது கேட்கிறது.

நான் அவனுக்குச் சொன்னது 95ஆம் பாட்டு. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவையார் பாடியது. தொண்டைமான் தன் படைக்கருவிகளைக் காட்டுகிறான். அவை மயில்தோகை அணிந்து, மாலை சூட்டி, நெய் பூசி, காவலுள்ள பெரிய வீட்டில் பளபளக்கின்றன. அதியமானுடையவையோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லனின் சிறு கொட்டிலில் கிடக்கின்றன. புகழ்வது போலத் தொடங்கி, உன் ஆயுதம் பயன்படாதது என்று சொல்லிவிட்டுப் போகிறாள். இரண்டு அரசர்களின் கர்வத்துக்கு நடுவே சொல்லை மட்டும் கொண்டுபோய் நின்ற பெண். அதைச் சொல்லி முடித்ததும் அவன் கேட்டான்: "அப்போ பரிசா வாங்கி வெச்சிருக்கிற கத்தி எல்லாம் வேஸ்ட்டுன்னு சொல்றீங்களா அத்தை?"

சிரித்தேன். ஆனால் எனக்கிருந்த தயக்கம் அது மட்டுமில்லை. 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டை பேருந்து நிலையத்தின் அருகில், சாதி கடந்து மணந்த இருவர் பட்டப்பகலில் வெட்டப்பட்டார்கள். சங்கர் இறந்தார், கௌசல்யா பிழைத்தார். அதே ஆண்டு ஜூன் 24 காலை, நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் வேலைக்குப் போக ரயிலுக்குக் காத்திருந்த இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டார். எங்கள் பகுதிப் பெண்கள் தினமும் ஏறி இறங்கும் தடம் அது. சில வாரம் என் மாணவியர் நடைமேடையில் சுவரை ஒட்டி நின்றார்கள். திருப்பாச்சேத்தி அரிவாளைப் பெருமையோடு சொல்லும் சினிமா வசனங்களைக் கேட்டு வளர்ந்த ஊரில், ஐந்து பையன்கள் கையில் கத்தி கொடுத்து அதன்மேல் வீரம் என்று தமிழில் எழுத என்னால் முடியவில்லை. பையன்கள் நல்லவர்கள், எனக்குத் தெரியும். சொல்தான் ஏற்கெனவே வேறு இடங்களில் வேலை பார்த்துவிட்டது.

கத்தியே வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏனென்றால் மடக்கெழுத்தாணி நினைவுக்கு வந்தது. ஒரே பிடிக்குள் மடங்கும் இரண்டு முனைகள்: ஒன்று ஓலையில் எழுத, மற்றொன்று ஓலையை வாரிச் சீர்செய்ய. தமிழின் பாக்கெட் கத்தி அதுதான், எழுதுகிறவரின் மடியில் இருந்தது. ஆங்கிலத்தின் பேனாக்கத்தியும் இறகுப் பேனாவைச் சீவப் பிறந்ததே. அந்தக் கருவியும் பெண்கள் கைக்கு அவ்வளவு எளிதில் வரவில்லை, அது வேறு வருத்தம். ஆனால் கூர்மை என்றால் குத்துவது என்று ஆகிவிடாத ஒரு மரபு நமக்கு இருக்கிறது. ஆகவே வரி எதுவும் வேண்டாம், நண்பர்களின் பெயரை மட்டும் பொறி என்றேன். ஒப்புக்கொண்டான். பெண்ணிடமும் பேசினேன். "உன் ஃப்ரெண்ட்ஸுக்கு என்னம்மா?" என்றேன். "குங்குமச்சிமிழ் ஆர்டர் பண்ணியிருக்காங்க அத்தை" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "கத்தின்னா அவளுங்களும் வாங்கிப்பாளுங்க" என்றாள். பத்துக் கத்தியாக வாங்கினோம்.

கையில் கத்தி கொடுத்தால் உறவு வெட்டிப்போகும் என்று அண்ணி கலங்கினாள். நம் வீடுகளில் கீழே வைத்துத்தான் எடுப்போம். ஐரோப்பாவில் பெறுகிறவர் ஒரு செப்புக்காசு கொடுத்து விலைக்கு வாங்கியதாக்கிவிடுவார். இரண்டையும் செய்தோம். தட்டில் வைத்தோம், பத்துப் பேரும் ஒற்றை ரூபாய் போட்டு எடுத்துக்கொண்டார்கள். விமானத்தில் திரும்பவிருந்த இரண்டு பையன்களிடம், கைப்பையில் வைத்தால் சோதனையில் வாங்கிவிடுவார்கள், பெட்டியில் போடுங்கள் என்று சொல்லிவைத்தேன். நிலையத்தின் ஓடுபாதைச் சுவருக்கு இப்பால் வாழ்கிறவளுக்கு இதுவாவது தெரியவேண்டாமா.

முகூர்த்தம் முடிந்து மாலை மாற்றியபோது, பெண்ணின் மாலை நார் சங்கிலியில் சிக்கி முறுக்கிக்கொண்டது. கழுத்தைத் திருப்ப முடியவில்லை. "யாராவது கத்தி கொடுங்கப்பா" என்று அண்ணி கத்தினாள். ஐந்து பையன்களும் பட்டு வேட்டியில் நின்றார்கள். வேட்டிக்குப் பை ஏது? கத்திகள் மேலே அறையில் பெட்டிக்குள் இருந்தன. தோழிகளின் கத்திகளும் அங்கேதான். சமையல் கட்டிலிருந்து, விடியற்காலை மூன்று மணி முதல் காய் நறுக்கிக்கொண்டிருந்த அனகாபுத்தூர் அம்மா ஒருவர் ஈரக்கையைச் சேலையில் துடைத்தபடி மேடைக்கு வந்தார். சொந்தக் கத்தி, வீட்டிலிருந்து ஒயர் கூடையில் கொண்டுவந்தது, தேய்ந்து தேய்ந்து விரல் அகலமே மிச்சம். பெண்ணின் கழுத்துக்கும் நாருக்கும் நடுவே தன் சுண்டுவிரலை முதலில் நுழைத்துக்கொண்டு அறுத்தார். வீடியோக்காரர் அவரைக் கொஞ்சம் விலகச் சொன்னார்.