தம்பானூர் மசால்தோசைக்கு இரண்டு தீர்ப்பு

திருவனந்தபுரம் சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே, பேருந்து நிலையத்தை ஒட்டி, லாரி பேக்கர் வடிவமைத்த செங்கல் கோபுரம் நிற்கிறது. அதுதான் இந்தியன் காபி ஹவுஸ். உள்ளே சுருளாக மேலேறும் சாய்தளம், அதன் ஓரத்தில் சுவரோடு சேர்த்துக் கட்டிய மேசைகள், துளைவிட்ட சுவர் வழியே வரும் காற்றும் வெளிச்சமும். விசிறித் தலைப்பாகைக்காரர் கொண்டுவந்து வைக்கும் மசால்தோசையைப் பிரித்தால் மசாலா சிவப்பாக இருக்கும். பீட்ரூட். மதுரையிலிருந்து வந்தவர் முதல் வாயிலேயே சொல்லிவிடுவார், இது மசால்தோசையே இல்லை என்று. வருடக்கணக்கில் அங்கே சாப்பிட்டுப் பழகிய உள்ளூர்க்காரருக்கோ, உருளைக்கிழங்கு மட்டும் வைத்த மசாலா வெளிறிப்போனதாகத் தோன்றும். இரண்டு பேரும் மனதில் பட்டதைத்தான் சொல்கிறார்கள். இரண்டு பேரையும் நம்பி மூன்றாவது ஆள் அங்கே சாப்பிடப் போவதா வேண்டாமா?

பக்கத்து ஓட்டலைப் பற்றி உள்ளூர்ச் சாப்பாட்டுக்காரர் ஒளிக்காமல் சொல்லும் அபிப்பிராயத்துக்கு இன்று பெரிய மரியாதை. வெளியூரிலிருந்து வருபவர் பெயர்ப்பலகையையும் விளம்பரத்தையும் நம்புவதில்லை. ஆட்டோக்காரரிடமோ பெட்டிக்கடைக்காரரிடமோ கேட்கிறார், இல்லாவிட்டால் கைபேசியில் யாரோ எழுதிவைத்ததைத் தேடுகிறார். அந்த மரியாதை பெரும்பாலும் நியாயமானதுதான். ஆனால் அது எதுவரை செல்லும், எங்கே செல்லாது என்பதைப் பார்க்காமல் விட்டால், வயிற்றுக்கும் கெடுதி, நேர்மையாகக் கடை நடத்துபவருக்கும் கெடுதி.

திருவனந்தபுரத்தில் இது கூடுதல் சிக்கல், ஏனென்றால் ஓர் ஊருக்குள்ளேயே பல நாக்குகள். கோட்டையைச் சுற்றியும் கரமனையிலும் வலியசாலையிலும் தமிழ் அக்ரஹாரங்கள் உண்டு. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் திவான் ராஜா கேசவதாஸ் உருவாக்கிய சாலை பஜாரில் இன்றும் தமிழிலேயே பேரம் பேசிவிடலாம். 1956 நவம்பர் 1 வரை நாகர்கோவிலும் திருவனந்தபுரமும் ஒரே ஆட்சியின் கீழ் இருந்தவை. ரசவடையும் போளியும் இரண்டு ஊருக்கும் பொதுச்சொத்து. போளியைப் பால்பாயசத்தோடு பிசைந்து சாப்பிடுவது இந்தத் தென்கோடி விருந்தின் வழக்கம். கோழிக்கோட்டிலிருந்து வருபவருக்குத் திகட்டும் சேர்க்கை அது. இந்த ஊர்க்காரருக்கு அது வராத கல்யாணப் பந்தி பந்தியே அல்ல. இந்தப் பழைய நாக்குகளின் பக்கத்தில் 1990இல் தொடங்கிய டெக்னோபார்க் கழக்கூட்டத்தில் இன்னொரு கூட்டத்தைக் குடியேற்றியது. வளைகுடாவிலிருந்து வந்த குழிமந்தியும் அல்ஃபாமும் அவர்களுடைய அளவுகோல். தலைமைச் செயலகத்துக்கு எதிரே உள்ள அருள் ஜோதி ஓட்டலின் சாம்பாரை அந்தக் கூட்டத்து இளைஞர் ஒருவிதமாக எடைபோடுவார். பல வருடம் ஃபைல் பார்த்துவிட்டு மதியம் அங்கே வந்து உட்கார்ந்த ஊழியர் வேறுவிதமாக.

ஆகவே ஓர் அபிப்பிராயத்தைக் கேட்கும்போது முதலில் தெரியவேண்டியது, சொல்பவர் எந்தச் சாப்பாட்டில் வளர்ந்தவர் என்பது. அதைச் சொல்லாத அபிப்பிராயம் பாதி அபிப்பிராயம்.

இனி பலத்தைப் பார்க்கலாம். 1960களில் நியூயார்க் டைம்ஸின் கிரெய்க் கிளெய்போர்ன் உணவக விமர்சனத்துக்குச் சில நெறிகளை நிலைநிறுத்தினார்: ஒரு தடவைக்கு மேல் போகவேண்டும், ஆளைக் காட்டிக்கொள்ளக் கூடாது, காசைப் பத்திரிகையே கொடுக்கவேண்டும். உலகெங்கும் இன்றும் மதிக்கப்படும் நெறிகள் இவை. உள்ளூர்ச் சாப்பாட்டுக்காரர் இவற்றையெல்லாம் யாரும் சொல்லாமலே கடைப்பிடிக்கிறார். சொந்தக் காசில் சாப்பிடுகிறார். வாரம் நான்கு நாள் போகிறார். தொழில்முறை விமர்சகர் மூன்று தடவை பார்த்து எழுதுவதை இவர் மூன்று வருடம் பார்த்துவிட்டுச் சொல்கிறார்.

இந்தத் தொடர்ச்சி தரும் அறிவு வேறு எதிலும் கிடைக்காது. சரக்கு மாஸ்டர் மாறிய அன்றே அவருக்குத் தெரிந்துவிடும். வடை சிறுத்ததும், புளிசேரியில் தயிர் குறைந்து தண்ணீர் ஏறியதும், தேங்காய் விலை கூடிய மாதத்தில் அவியல் வெளுத்ததும் தெரியும். மீனை எடுத்துக்கொள்வோம். கேரளத்தில் ஆண்டுதோறும் ஜூன் 9 நள்ளிரவிலிருந்து ஜூலை 31 வரை, 52 நாள், இழுவைப் படகுகளுக்குத் தடை. விழிஞ்ஞத்தில் பாரம்பரிய வள்ளங்கள் அப்போதும் கடலுக்குப் போகும் என்றாலும் மழைக்காலக் கடல் எப்போதும் விடாது. அந்த நாட்களில் ஊணோடு வரும் மீன்கறியில் துண்டு சின்னதாகவோ மீன் பழையதாகவோ இருந்தால், ஒரு நாள் வந்துபோகிறவர் கடையைத் திட்டுவார். உள்ளூர்க்காரர் காலத்தைக் கணக்கில் எடுப்பார். ஜனவரியிலும் சாளை அப்படியே இருக்கிறதென்றால்தான் அவர் வாயைத் திறப்பார். அந்தக் குறைக்கு எடை அதிகம்.

எந்தக் கடையில் எதைக் கேட்கவேண்டும் என்பதும் இப்படி வந்த அறிவுதான். சாலை பஜாரின் சந்தொன்றில் 1949 முதல் நடக்கும் ரஹ்மானியா ஓட்டலை ஊர் கேத்தல்ஸ் என்றே அழைக்கிறது. அங்கே போகிறவர்கள் பொரித்த சின்னக் கோழி, மிளகாய்த்தூள் மணக்கும் மொறுமொறுப்பான பொடி, சப்பாத்தி, எலுமிச்சம்பழச் சாறு ஆகியவற்றுக்காகப் போகிறார்கள். விரிந்த மெனு, குளிர்ந்த அறை, சாய்ந்து உட்காரும் நாற்காலி என்று எதிர்பார்த்துப் போகிறவருக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும். ஒரு கடை எதைச் செய்ய முயல்கிறதோ அதை வைத்து அதை அளக்கவேண்டும் என்பதை உள்ளூர்க்காரர் இயல்பாகவே செய்துவிடுகிறார். படித்த விமர்சகர்களிடம்கூட அரிதாகக் காணப்படும் பண்பு இது.

ஆனால் பழக்கம் கண்ணைத் திறப்பதுபோலவே மூடவும் செய்யும். காபி ஹவுஸின் கதை எளிதில் மறக்கக்கூடியதல்ல. 1957இல் காபி வாரியம் தன் காபிக் கடைகளை மூடத் தொடங்கியபோது, கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே.கோபாலனின் வழிகாட்டலில் வேலையிழந்த தொழிலாளர்களே கூட்டுறவுச் சங்கம் அமைத்து அவற்றை எடுத்து நடத்தினார்கள். கேரளத்தில் முதல் கடை 1958 மார்ச்சில் திருச்சூரில் திறந்தது. அங்கே சப்ளையரும் ஒரு பங்குதாரர். இந்த வரலாற்றின் மேல் பிரியம் வைத்தவர், ஆறிய காபியையும் அரை மணி நேரக் காத்திருப்பையும் குறையாகவே சொல்லமாட்டார். பிரியம் வைப்பதில் தவறில்லை. தொழிலாளர்கள் நடத்தும் கடையில் சாப்பிடுவதற்கென்று ஒரு நிறைவும் உண்டு. அதைத் தனியாகச் சொல்லவேண்டும், அவ்வளவுதான். காபியின் சூட்டைப் பற்றிக் கேட்டவருக்குக் கூட்டுறவின் வரலாற்றைப் பதிலாகக் கொடுத்தால், கேட்டவருக்குத் தேவையானது கிடைக்கவில்லை.

இதற்கு நேர் எதிரான சம்பவம் ஒன்றும் நடந்தது. 2020இல் குடும்பஸ்ரீ என்ற மகளிர் அமைப்பின் பெண்கள் நடத்தத் தொடங்கிய ஜனகீய ஓட்டல்களில் ஊண் அப்போது 20 ரூபாய். அடுத்த ஆண்டு மலையாளத் தொலைக்காட்சி ஒன்று கோழிக்கோட்டில் இந்த ஊணில் தொடுகறி போதாது என்று குறைசொல்லும் செய்தி ஒன்றை ஒளிபரப்பியது. மக்கள் அந்தச் செய்தியின் மேல்தான் கோபப்பட்டார்கள். 20 ரூபாய்க்கு வேறெங்கே சோறு கிடைக்கும் என்று கேட்டார்கள். பலர் தேடிப்போய்ச் சாப்பிட்டார்கள். அந்தச் செய்தி பொய் சொன்னதாக யாரும் நினைக்கவில்லை. விலையை விட்டுவிட்டு இலையை மட்டும் பார்த்ததுதான் அவர்களுக்குப் பொறுக்கவில்லை. 2023 ஆகஸ்டில் அரசு மானியம் நின்று ஊணின் விலை 30 ரூபாய் ஆனபோது அதே இலைக்கு வேறு கணக்குப் போடவேண்டி வந்தது.

உள்ளூர் அபிப்பிராயம் முற்றிலும் தோற்கும் இடம் அடுக்களை.

2012 ஜூலையில் வழுதக்காட்டில் ஒரு கடையில் வாங்கிய ஷவர்மாவைச் சாப்பிட்ட இளைஞர் ஒருவர் பெங்களூருவில் உயிரிழந்தார். உணவு நஞ்சானதே காரணம் என்று புகார் எழுந்து, நகரெங்கும் ஷவர்மா கடைகளில் சோதனை நடந்தது. 2022 மே மாதம் காசர்கோடு மாவட்டம் செறுவத்தூரில் 16 வயது மாணவி ஷவர்மா சாப்பிட்டு இறந்தார். ஷிகெல்லா பாக்டீரியா கண்டறியப்பட்டது. 2023 ஜனவரியில் கோட்டயத்தில் ஓட்டல் உணவைச் சாப்பிட்ட ஒரு செவிலியர் இறந்தார். இந்தக் கடைகள் எவையும் வாடிக்கையாளர் இல்லாமல் வெறிச்சோடிக் கிடந்தவை அல்ல. ருசியாக இருந்ததால்தான் போனார்கள். ஷிகெல்லாவும் சால்மோனெல்லாவும் நாக்குக்குத் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. பச்சை முட்டையில் அடித்த மயோனைஸ் வெளியில் நான்கு மணி நேரம் இருந்தாலும் வெள்ளையாகவே இருக்கும். ‘இருபது வருஷமா இங்கே சாப்பிடறேன், எனக்கு ஒண்ணும் ஆனதில்லை’ என்பதைப்போல நம்பிக்கையோடு சொல்லப்படும், அதேசமயம் ஒன்றையும் நிரூபிக்காத வாக்கியம் வேறு இல்லை.

இந்த இடத்தைச் சட்டம்தான் நிரப்பவேண்டும். கோட்டயம் சம்பவத்துக்குப் பிறகு கேரள அரசு பச்சை முட்டை மயோனைஸைத் தடைசெய்தது. ஊழியர்களுக்குச் சுகாதார அட்டையைக் கட்டாயமாக்கியது. பார்சலில் தயாரித்த நேரமும் எப்போதுக்குள் சாப்பிடவேண்டும் என்பதும் ஒட்டப்படவேண்டும் என்றது. தமிழ்நாடு 2025 ஏப்ரலில் அதே மயோனைஸுக்கு ஓராண்டுத் தடை விதித்தது. வாடிக்கையாளர் இங்கே உதவமுடியாது என்றில்லை. பார்சலில் அந்தச் சீட்டு இருந்ததா, மயோனைஸ் குளிர்பெட்டியிலிருந்து வந்ததா, மேசை துடைத்த துணி எது என்று அவர் பார்த்ததைச் சொல்லலாம். ‘சுத்தமான கடை’ என்று ஒட்டுமொத்தமாகச் சான்று கொடுக்க அவரிடம் ஆதாரம் இல்லை.

இணையத்தின் நட்சத்திரக் கணக்கைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. ஹார்வர்டின் மைக்கேல் லூக்கா 2011இல் செய்த ஆய்வில், ஒரு நட்சத்திரம் கூடினால் தனிக்கடைகளின் வருமானம் 5 முதல் 9 சதவீதம் உயர்வதைக் கண்டார். காசு புரளும் இடத்தில் கள்ளமும் புகும். 2017இல் லண்டன் இளைஞர் ஒருவர், தன் வீட்டுத் தோட்டக் கொட்டகையை ஓட்டல் என்று பதிவுசெய்து, பொய்ப் புகழுரைகளால் அதை நகரின் முதலிடத்துக்கே கொண்டுவந்து காட்டினார். இணைய மதிப்புரைகளுக்காக இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2022இல் ஐ.எஸ். 19000 என்ற தரவிதியை வெளியிட்டது. பார்க்காத சினிமாவைத் திட்டமிட்டுத் திட்டுவது பற்றிக் கேரள உயர் நீதிமன்றம் 2023இல் விசாரித்தது. சினிமாவுக்குப் பின்னால் தயாரிப்பாளர் சங்கம் உண்டு. கிழக்கேகோட்டையில் இரவு ஏழு மணிக்கு அடுப்பு மூட்டும் தட்டுகடைக்காரருக்கு அப்படி யாரும் இல்லை. தோசை ஒருநாள் கருகியதற்கு ஊரறிய எழுதுவதைவிட, கல்லாவில் நின்று சொன்னால் மறுநாளே கல்லின் சூடு சரியாகிவிடும். பெரிய ஓட்டலுக்கும் அவருக்கும் ஒரே கடுமையைக் காட்டுவது நடுநிலை ஆகாது.

இன்னொன்று, ‘உள்ளூர்க்காரர்’ என்று நாம் யாரை எண்ணுகிறோம் என்பது. தட்டுகடையின் ரசவடையையும் சம்மந்தியையும் புகழ்ந்து வரும் பேச்சில் பெரும்பகுதி ஆண்களுடையது. இரவு பதினொன்றரைக்கு ஒரு பெண் அதே கடையைச் சொல்லும்போது தெருவிளக்கு, பக்கத்தில் கழிவறை, நின்று சாப்பிடும்போது யார் முறைக்கிறார்கள் என்பதெல்லாம் சேர்ந்துதான் வரும். நகரின் மானவீயம் வீதியை இரவு வாழ்க்கைக்குத் திறந்துவிட்டபோது எழுந்த வாக்குவாதங்களிலும் பாதி இதைப் பற்றித்தான். ருசியைப் பற்றிய பேச்சில் இதற்கென்ன இடம் என்று கேட்பவர்கள், நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிடமுடியாத இடத்தில் ருசி எப்படித் தெரியும் என்று யோசித்துப் பார்க்கவேண்டும்.

அடுக்களைக்குள் இருப்பவர்களோ இந்தக் கணக்கிலேயே வருவதில்லை. நகரின் பல ஓட்டல்களில் பரோட்டா அடிப்பவரும் பாத்திரம் கழுவுபவரும் வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தவர்கள். அரசு அவர்களை அதிதித் தொழிலாளர்கள் என்கிறது. பல வருடம் இங்கே வாழ்ந்து, இங்கத்து மைதாவையும் எண்ணெயையும் கையால் அறிந்தவர்கள் அவர்கள். எண்ணெய் எத்தனையாவது முறை காய்கிறது, நேற்றைய கோழி இன்று எந்தக் குழம்பில் சேர்கிறது, குளிர்பெட்டி எத்தனை மணி நேரம் அணைந்து கிடந்தது என்பதெல்லாம் வாடிக்கையாளருக்குத் தெரிய வழியில்லாதவை, அவர்களுக்குத் தெரிந்தவை. சொன்னால் வேலை போகும் என்பதால் சொல்வதில்லை. உணவுப் பாதுகாப்புத் துறை சோதனைக்கு வரும்போது உரிமத்தையும் சுகாதார அட்டையையும் பார்க்கிறது. அதோடு, முதலாளி பக்கத்தில் இல்லாமல், அவர்களுக்குப் புரியும் வங்காள மொழியிலோ இந்தியிலோ நான்கு கேள்வி கேட்கவும் ஓர் ஏற்பாடு செய்யலாம். வாடிக்கையாளர்களும் தங்கள் பங்குக்கு, வேலை முடிந்த பிறகு அந்தத் தொழிலாளர்கள் தாங்கள் சமைத்த கடையிலேயே சாப்பிடுகிறார்களா, வேறெங்காவது போகிறார்களா என்று கவனித்துப் பார்க்கலாம்.