தோற்கப்போவது தெரிந்தே ஆடிய ஆட்டம்

ரீச் கிரகம் வீழ்ந்துவிடும். 'ஹேலோ: ரீச்' விளையாட்டு 2010 செப்டம்பரில் வெளிவருவதற்கு வெகு காலம் முன்பே ஹேலோ ரசிகர்கள் எல்லோருக்கும் இது தெரியும். 2001-இல் வந்த முதல் ஹேலோ தொடங்குவதே அந்தக் கிரகத்திலிருந்து தப்பி ஓடிவரும் 'பில்லர் ஆஃப் ஆட்டம்' கப்பலில்தான். எரிக் நைலண்டின் நாவலும் அதே ஆண்டில் அந்த வீழ்ச்சியை விரிவாகச் சொல்லிவிட்டது. இத்தனைக்கும் பிறகு, முடிவு ஊருக்கே தெரிந்த கதையை எடுத்துக்கொண்டு பன்ஜி நிறுவனம் தன்னுடைய கடைசி ஹேலோவைச் செய்தது. போதாததற்கு, முதல் காட்சியிலேயே பாழ்நிலத்தில் கிடக்கும் ஓட்டை விழுந்த ஹெல்மெட்டைக் காட்டிவிடுகிறார்கள். அது நம் வீரனுடையது. இனி மறைக்க என்ன இருக்கிறது?

எதுவுமில்லை. அதனால்தான் இதைப்போல இன்னொரு ஷூட்டர் விளையாட்டு என்னை ஆட்டிப்படைத்ததில்லை. மற்ற முன்கதைகள் எல்லாம் தெரிந்த முடிவைச் சமாளிக்கத் திடீர்த் திருப்பங்களைத் தேடி ஓடும். ரீச் ஓடவில்லை. வெல்வாயா என்று அது கேட்பதே இல்லை. எப்படி நிற்கப்போகிறாய், யாருக்காக நிற்கப்போகிறாய் என்று மட்டும் கேட்கிறது.

நாம் 'நோபிள் சிக்ஸ்'. ஆறு பேர் கொண்ட ஸ்பார்ட்டன் குழுவுக்குப் புதிதாக வந்து சேர்ந்தவர். ஆணோ பெண்ணோ, கவசமும் நிறமும் எதுவோ, எல்லாம் நாமே தேர்ந்தெடுப்பது. கதைக்காட்சிகளிலும் அதே கவசத்தோடுதான் வருகிறோம். முந்தைய ஹேலோக்களின் நாயகன் மாஸ்டர் சீஃபாக ஆடும்போது ஒரு மாவீரனைக் கடன் வாங்கிக்கொள்கிறோம். இங்கே சாகப்போகிறவர் நாம் வண்ணம் தீட்டிய ஆள்.

குழுவில் என் நெஞ்சில் நின்றவர் ஜார்ஜ். மலைபோல உடம்பு, கையில் பெரிய மெஷின்கன். ரீச்சிலேயே பிறந்தவர். ஹங்கேரிய வேர் கொண்டவர்கள் குடியேறிய நிலம் அது. முதல் மிஷனில், அப்பாவைப் பறிகொடுத்துப் பதுங்கியிருக்கும் சாரா என்ற பெண்ணிடம் ஜார்ஜ் ஹங்கேரிய மொழியில் பேசுகிறார். அந்தச் சில நொடிகளில் ரீச் ஒரு போர்க்களமாக இல்லாமல் யாரோ சிலரின் சொந்த ஊராக மாறிவிடுகிறது. பிறகு 'லாங் நைட் ஆஃப் சாலஸ்' மிஷன் வருகிறது. சேபர் விமானத்தில் ஏறித் தரையிலிருந்து விண்வெளிக்கே பறக்கிறோம். கடைசியில் எதிரிகளான கவனன்ட் வேற்றுக்கிரகப் படையின் மாபெரும் கப்பலுக்குள் வெடிகுண்டைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறோம். குண்டைக் கையால்தான் வெடிக்க வைக்க முடியும் என்றானதும் ஜார்ஜ் நம்மைத் தூக்கி வெளியே எறிந்துவிட்டுத் தான் தங்கிவிடுகிறார். கப்பல் ஒழிந்தது. மூச்சுவிடுவதற்குள் அதற்குப் பின்னால் ஒரு படையே வந்து இறங்குகிறது. கண்ட்ரோலரைக் கையில் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

குழுவின் இன்னொரு வீரரான கேட்டின் மரணம் வேறு மாதிரி. ஓடிக்கொண்டே பேசிக்கொண்டிருக்கிறார், பாதிப் பேச்சில் எங்கிருந்தோ ஒரு ஸ்னைப்பர் குண்டு. வீரவசனம் கிடையாது, கடைசிச் சண்டை கிடையாது. போரில் சாவு இப்படித்தான் வரும் என்று சொல்லும் துணிச்சல் எத்தனை விளையாட்டுகளுக்கு இருக்கிறது? மார்ட்டி ஓடானலும் மைக்கேல் சால்வடோரியும் தந்த இசை அடுத்து வரும் அமைதியைத் தாங்கிப் பிடிக்கிறது. அந்த இசையைத் தனியாகக் கேட்டாலே எனக்குத் தொண்டை அடைக்கும்.

எதிரிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஹேலோ 3-இல் எலைட்டுகள் என்ற வேற்றுக்கிரக வீரர்கள் நம் பக்கம் நின்றார்கள், நமக்குப் புரியும்படி பேசினார்கள். இங்கே அவர்கள் பேசுவது அவர்கள் மொழியை மட்டும். பாறைக்குப் பின்னாலிருந்து அந்த உறுமல் கேட்டால் பழைய பயம் திரும்பி வருகிறது. மெட்பேக் தேடி ஓடும் முதல் ஹேலோவின் பதற்றமும் கூடவே வருகிறது.

குறைகள் இருக்கின்றன. நேசிக்கிற எனக்கே அவை உறுத்துகின்றன. ஜார்ஜுக்கும் கேட்டுக்கும் கிடைத்த உயிர் மற்றவர்களுக்குக் கிடைக்கவில்லை. முகத்தட்டில் மண்டையோடு செதுக்கிய எமீலைப் பற்றி அந்த மண்டையோட்டைத் தாண்டி என்ன தெரியும்? ஜூன் அருமையான ஸ்னைப்பர். ஒரே ஒரு இரவு மிஷனில் கூட வந்துவிட்டுக் கதையின் ஓரத்துக்குப் போய்விடுகிறார். அவர்களுக்கு இன்னும் இரண்டு காட்சிகள் தந்திருந்தால் பிற்பாதி இன்னும் வலித்திருக்கும். நாவலைப் படித்தவர்களின் கோபமும் நியாயமானது. நாவலில் 2552 ஆகஸ்ட் 30 அன்று மின்னலாய் நடந்து முடியும் வீழ்ச்சி, இங்கே ஜூலையிலிருந்து வாரக்கணக்கில் நீள்கிறது. எனக்கு அந்த மெதுவான நசுக்கல்தான் பிடித்திருக்கிறது என்றாலும் இரண்டும் ஒட்டவில்லை என்பது உண்மை.

மல்டிபிளேயரில் ஆர்மர் லாக் ஒரு தீராத தலைவலி. எதிரியை வீழ்த்தப்போகும் நேரத்தில் அவர் மண்டியிட்டு உறைந்துவிடுவார். சில நொடிகளுக்கு எதுவும் அவரைத் தொடாது. டிஎம்ஆர் துப்பாக்கியில் சுடச்சுடக் குறிவட்டம் விரியும். நிதானமாகச் சுடுபவருக்குப் பலன் கிடைக்க வேண்டும் என்பது நோக்கம். கண்மூடித்தனமாக அழுத்துகிறவர் அதிர்ஷ்டத்தில் ஜெயித்த கணங்களோ ஏராளம். 2011-இல் வந்த அப்டேட் சில ஆட்டவகைகளில் அந்த விரிவைக் குறைத்தது. கதைக்களத்திலிருந்து வெட்டியெடுத்த மேப்புகள் பலவும் சுமார்தான். ஆனால் ஃபோர்ஜ் வேர்ல்ட்! மலையும் கடலும் தீவுமாக ஒரு பிரம்மாண்ட வெளியைத் திறந்துவிட்டு, உன் மைதானத்தை நீயே கட்டிக்கொள் என்று கொடுத்துவிட்டார்கள். கட்டும் துண்டுகள் எல்லாம் ஒரே சாம்பல் நிறம் என்றாலும் விடிய விடியக் கட்டினோம்.

பில்லர் ஆஃப் ஆட்டம் தப்பிச் சென்றதும் டைட்டில் ஓடும். தயவுசெய்து அணைத்துவிடாதீர்கள். அதற்குப் பிறகுதான் 'லோன் வுல்ஃப்' வருகிறது. திரையில் ஒரே இலக்கு: பிழைத்திரு. அது முடியாத காரியம். அலையலையாக வருகிறார்கள். அடிபட அடிபட நாம் பார்க்கும் ஹெல்மெட் கண்ணாடியில் விரிசல் விழுகிறது. எவ்வளவு திறமைசாலியானாலும் சாவுதான். ஆனால் எவ்வளவு நேரம் நிற்கலாம் என்பது நம் கையில் இருக்கிறது. முடிவு தெரிந்தும் இன்னொரு நொடி, இன்னொரு நொடி என்று நான் போராடியதைப்போல வேறெந்த விளையாட்டின் வெற்றிக்காகவும் போராடியதில்லை.

2019 டிசம்பரிலிருந்து மாஸ்டர் சீஃப் கலெக்‌ஷன் வழியாகக் கணினியிலும் ஆடலாம். கதை வரிசைப்படி ரீச்தான் முதலில் வர வேண்டும் என்று பலர் சொல்வார்கள். கேட்காதீர்கள். 2001 ஹேலோவை முதலில் முடியுங்கள், பிறகு ரீச். அது முடிந்த கையோடு பழையதை மறுபடி தொடங்குங்கள். பில்லர் ஆஃப் ஆட்டத்தின் கட்டுப்பாட்டுத் தளத்தில் கேப்டன் கீஸ் நிற்பார், பக்கத்தில் செயற்கை நுண்ணறிவான கோர்ட்டானா பேசுவாள். அவளைக் கீஸின் கையில் சேர்த்தது நீங்கள். அந்தக் கப்பல் தப்பட்டும் என்று பீரங்கியோடு தரையில் தங்கிவிட்டதும் நீங்கள்தான். இது அங்கே இருக்கும் ஒருவருக்கும் நினைவில்லாததுபோல ஆட்டம் நகரும். எனக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் உடம்பு சிலிர்க்கிறது.