பதினொருவரில் ஒருவர் காலில் பூட்ஸ்

மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்கிறவரின் பாதத்தைப் பக்கத்தில் பார்த்தவர்கள் வெறுங்காலைப் பற்றிப் பெருமை பேச மாட்டார்கள். உப்புநீரில் ஊறி, வெயிலில் காய்ந்து, குதிகால் பாளம் பாளமாக வெடித்திருக்கும். அங்கிருந்து உள்ளே தள்ளி, வானூர்ப் பக்கத்துச் செம்மண் திடலில் மாலையானால் பிள்ளைகள் பந்தாடுகிறார்கள். ஒரு ஜோடி பூட்ஸை இரண்டு பேர் பங்கு போட்டுக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். வலது காலால் அடிப்பவனுக்கு வலது பூட்ஸ், இடது காலால் அடிப்பவனுக்கு இடது. மற்றதெல்லாம் வெறுங்கால்தான். ஆட்டத்துக்கு நடுவே ஒருவன் உட்கார்ந்து கருவேல முள்ளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு மறுபடி ஓடுவான்.

இவர்களுக்குச் சொல்லவென்றே ஒரு கதை இருக்கிறது: 1911-இல் கல்கத்தாவின் மோகன் பகான் அணி வெறுங்காலோடு ஆடி வெள்ளைக்காரப் பட்டாளத்தை ஜெயித்தது. கதை உண்மை. அதிலிருந்து நாம் எடுத்துக்கொண்ட பாடம்தான் கோணல்.

கல்கத்தாவில் இந்தியர்களின் கால்பந்து பள்ளி, கல்லூரி மைதானங்களில் வளர்ந்தது. ஹேர் பள்ளி மாணவராக இருந்தபோதே நகேந்திர பிரசாத் சர்பாதிகாரி பந்தைத் தொட்டார். பிரசிடென்சி கல்லூரி மாணவர்கள் பின்தொடர்ந்தார்கள். 1911 ஐ.எஃப்.ஏ. ஷீல்ட் போட்டியில் மோகன் பகானின் முதல் எதிரியே ஒரு கல்லூரி அணிதான்: செயின்ட் சேவியர்ஸ், 3-0. அடுத்து ரேஞ்சர்ஸ், ரைஃபிள் பிரிகேட். அரையிறுதியில் மிடில்செக்ஸ் படையோடு 1-1. மறு ஆட்டத்தில் 3-0. ஜூலை 29 இறுதியாட்டத்தில் ஈஸ்ட் யார்க்‌ஷர் படை முதல் கோலைப் போட்டது. சிப்தாஸ் பாதுரி சமன் செய்தார், முடியப்போகும் நேரத்தில் அபிலாஷ் கோஷ் இரண்டாவதை அடித்தார். பதினொருவரில் பூட்ஸ் போட்டிருந்தவர் பின்வரிசையில் நின்ற சுதிர் சட்டர்ஜி ஒருவரே. அவர் கல்லூரி ஆசிரியர்.

வெறுங்காலுக்கு ஒரு வித்தை உண்டு, அதை மறுக்க முடியாது. பந்து எங்கே பட்டது, எவ்வளவு அழுத்தினால் எவ்வளவு உருளும் என்பதைத் தோல் நேரடியாகச் சொல்லிவிடும். காய்ந்த தரையில் சட்டென்று திரும்பலாம். எதிராளியின் பூட்ஸுக்கு அகப்படாமலிருக்க வேண்டும் என்பதாலேயே பந்தைக் காலில் வைத்திருக்காமல் உடனே தட்டிவிடும் பழக்கம் வரும். குட்டிக் குட்டிப் பாஸ், வேகம், ஏமாற்று எல்லாம் அந்தப் பயத்தில் பிறந்தவையும்தான்.

ஆனால் மழை பெய்தால் கதை மாறும். நனைந்த தோல்பந்து கல்லாய்க் கனக்கும், சேற்றில் கால் வழுக்கும். கல்கத்தாவின் கால்பந்துக் காலமோ மழைக்காலம். 1934 முதல் தொடர்ந்து ஐந்து முறை கல்கத்தா லீக்கை வென்ற முகமதன் ஸ்போர்ட்டிங் இதைப் புரிந்துகொண்டு, ஈரத்தரையில் பூட்ஸ் போட்டு ஆடியது. அந்தக் கதையை நாம் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை.

1948 லண்டன் ஒலிம்பிக்கில் பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடிய இந்தியா பிரான்சிடம் 1-2 என்று தோற்றது. இரண்டு பெனால்டிகளைக் கோட்டைவிட்டது. நம் ஒரே கோல் சாரங்கபாணி ராமன் அடித்தது. நான்கே ஆண்டில், ஹெல்சின்கியில், யூகோஸ்லாவியா 10-1 என்று நம்மைப் புரட்டியெடுத்தது. அதற்குப் பிறகுதான் பூட்ஸ் கட்டாயமானது. கலை செத்துவிட்டதா? 1956 மெல்போர்னில் நான்காம் இடம், 1962 ஆசிய விளையாட்டில் தங்கம். இரண்டும் பூட்ஸ் காலோடு. (பூட்ஸ் போட மாட்டோம் என்றதால்தான் 1950 உலகக் கோப்பை கைநழுவியது என்பதும் கட்டுக்கதை. ஒலிம்பிக் அளவுக்கு அதை நம் சங்கம் மதிக்கவில்லை என்பதே விஷயம்.)

1911-இன் வெற்றிக்குக் காலைவிடப் பெரிய காரணங்கள் இருந்தன. 1906 முதல் 1908 வரை தொடர்ந்து மூன்று முறை டிரேட்ஸ் கோப்பையை வென்ற கிளப் மோகன் பகான். செயலாளர் சைலேன் பாசு பட்டாளத்து சுபேதார் மேஜர்; உடற்பயிற்சியில் கறாரானவர். ஆண்டுக்கணக்கான உழைப்பை விட்டுவிட்டு வெறுங்காலை மட்டும் கொண்டாடினால், ஏழைப் பையனுக்குப் பூட்ஸ் வாங்கித் தராமலிருக்க நல்ல சாக்குக் கிடைக்கிறது, அவ்வளவுதான்.

சின்ன வயதில், முள் பொறுக்கிய திடலில், பந்தோடு பழக வெறுங்கால் நல்ல வாத்தியார். போட்டிக்கு அது உதவாது. பொங்கலுக்குப் பந்தாட்டம் வைக்கும் நம் ஊர் மன்றங்களுக்கு ஒரு வேண்டுகோள்: கோப்பையின் உயரத்தை ஓர் அடி குறைத்துக்கொள்ளுங்கள். மிச்சப் பணத்தில் பூட்ஸ் வாங்குங்கள், இரண்டு காலுக்கும்.