நிழலில் விளையும் பயிரும் நிழற்படமும்

போடிநாயக்கனூரைத் தென்காஷ்மீர் என்று சொல்லிக்கொள்வதில் இவ்வட்டாரத்தாருக்கு நெடுங்காலமாக ஒரு பெருமை உண்டு. நமக்கோ அப்பெயரில் என்றுமே ஒரு மனக்குறை. ஓர் ஊரின் அழகைச் சொல்ல மற்றோர் ஊரின் பெயரை இரவல் வாங்குவது, பிறந்த குழந்தையைப் பார்த்து, "அடுத்த வீட்டுப் பிள்ளையைப் போலவே இருக்கிறது" என்று பாராட்டுவதற்கு ஒப்பாகும். சொல்பவர் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார். பெற்றவள் முகம் மலர்வதில்லை.

கடந்த தை மாதத்தில், இவ்வூருக்கு மேலேயுள்ள மலைச்சரிவுகளில் மூன்று நாள் நடந்த பயண நிழற்படப் பயிலரங்கு ஒன்றில் நாமும் சேர்ந்திருந்தோம். அங்கு எடுக்கப்பெற்ற படங்களை ஒருசேரக் கண்ட இரவில் அந்தப் பழைய மனக்குறை மீண்டும் தலைதூக்கியது. அப்படங்களைப் பற்றிய திறனாய்வே இக்கட்டுரை. பிறர் படங்களோடு நம் படங்களும் இதில் அடங்கும்.

இத்தகைய பயிலரங்குகள் இன்று பெருகிவிட்டன. அந்தமான், இலங்கை, பாலித் தீவு, லடாக் என்று எங்கெல்லாம் கண்ணுக்கு விருந்து உண்டோ அங்கெல்லாம் எட்டுப் பேர், பத்துப் பேர் கொண்ட சிறு குழுக்கள் ஓர் ஆசிரியரின் தலைமையில் செல்கின்றன. தங்குமிடம், ஊர்தி, உணவு, பாடம் அனைத்தும் ஒரே கட்டணத்தில் அடங்கும். நாம் கட்டிய தொகை, ஏலத்தோட்டத்தில் பாடுபடும் ஒருவரின் ஏறத்தாழ ஒரு மாதக் கூலி. அகலப்பாதை அமைந்து 2023 ஜூன் 15 அன்று போடிக்கு மீண்டும் இரயில் வரத் தொடங்கியபின், சென்னையில் இரவு ஏறியவர் மறுநாள் காலையில் மலையடிவாரத்தில் இறங்கிவிடலாம். எனவே இக்குழுக்கள் இனிக் குறையப்போவதில்லை.

நம் ஆசிரியர் தம் கலையில் தேர்ந்தவர். அவரிடம் நாம் கற்றது மிகுதி. ஒளி வரும்வரை காத்திருக்கவும், சட்டகத்தின் நான்கு ஓரங்களையும் பார்த்துவிட்டே பொத்தானை அழுத்தவும், நூறு படம் எடுப்பதைவிட ஒரு படத்திற்காக நிற்கவும் பழக்கினார். பொறுமையைக் கற்பிக்கும் எந்தக் கலையையும் நாம் இகழமாட்டோம்.

முதல் நாள், விடியுமுன்பே கொழுக்குமலை. அது தேனி மாவட்ட எல்லைக்குள் இருக்கும் மலைதான்; ஆயினும் ஜீப் ஏறும் பாதை கேரளத்துச் சூரியநெல்லி வழியாகவே செல்கிறது. கடல்மட்டத்திற்கு மேல் ஏழாயிரம் அடியைத் தாண்டிய உயரத்தில் நின்று கிழக்கே நோக்கினால், பள்ளத்தாக்கை நிறைத்த வெண்முகில் ஒரு கடலாகவும், அதனின்று தலைநீட்டும் சிகரங்கள் தீவுகளாகவும் தோன்றும். "தீவுகளை எடுங்கள்" என்றார் ஆசிரியர். எடுத்தோம். நாம் இதுகாறும் எடுத்த படங்களில் அதுவே மிக அழகியது என்று சொன்னால் அது பொய்யாகாது. ஆனால் அந்த வெண்கடலுக்கு அடியில் இருப்பவை கொட்டகுடியும் குரங்கணியும் போடியும். நாம் உச்சியில் முக்காலியை நாட்டிக்கொண்டிருந்த அந்நேரத்தில், கீழே அடுப்புகள் மூட்டப்பட்டிருக்கும். தோட்டங்களுக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மலைப்பாதையில் கிளம்பியிருக்கும். முகில் கலைந்துவிட்டால் படம் போய்விடுமே என்று நாம் பதறிக்கொண்டிருந்தோம். இப்போது எண்ணிப் பார்த்தால், ஊர் கண்ணில் பட்டுவிடுமே என்ற பதற்றம் அன்றோ அது!

அதே சரிவில், கதிரொளி பட்டுப் பொன்னாய் மின்னிய காய்ந்த புல்லையும் எடுத்தோம். இத்தகைய புல்வெளியில்தான் 2018 மார்ச் 11 அன்று தீ பரவியது. குரங்கணிக்கும் கொழுக்குமலைக்கும் இடையே மலையேறச் சென்றிருந்த குழுவினரில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களும் நம்மைப் போல் ஓய்வுநாளில் மலை காண வந்தவர்களே. அவர்களை மீட்க ஓடியவர்களில் இம்மலையின் மக்களும் இருந்தனர். பயிலரங்கின் மூன்று நாளில் இச்செய்தியை எடுத்துச் சொன்னவர் ஆசிரியர் அல்லர், ஜீப் ஓட்டிவந்த தம்பி. கோடை நெருங்கும்போது புல்லின் அந்தப் பொன்னிறத்தைக் கண்டு மலையடிவாரத்தார் அஞ்சுவர் என்பதையும் அவரே சொன்னார். நம் படத்தில் அது வெறும் பொன்னாகவே இருக்கிறது.

இரண்டாம் நாள், போடிமெட்டை அடுத்த ஓர் ஏலத்தோட்டம். நாம் சொல்லவந்த செய்தி இங்குதான் தொடங்குகிறது. ஏலமலை என்று பெயர் பெற்றிருந்தும், இம்மலையின் காட்சியாக நாட்காட்டிகளிலும் விடுதி விளம்பரங்களிலும் வருபவை பெரும்பாலும் தேயிலைச் சரிவுகளே. காரணம் எளிது. தேயிலை வெட்டவெளியில் நிற்கிறது. ஒரே மட்டமாகக் கவாத்து செய்யப்படுகிறது. தொலைவிலிருந்து பார்த்தால் பச்சைக் கம்பளம். ஏலமோ நிழல் கேட்கும் பயிர். பெருமரங்களின் கீழே, வெயில் வடிகட்டி விழும் ஈர மண்ணில்தான் அது வாழும். தழை ஆள் உயரத்தையும் கடந்து ஓங்கினாலும் காய் பிடிப்பது உச்சியில் அன்று. தூரை ஒட்டித் தரையில் படரும் சரத்தில். பறிக்கும் பெண் குனிந்தோ குத்தவைத்தோ தழைக்குள் தலையை நுழைத்தாக வேண்டும். முற்றியது எது, பிஞ்சு எது என்று தேர்ந்து ஒவ்வொன்றாகக் கிள்ளவேண்டும். ஆடி ஆவணியில் தொடங்கித் தை மாசி வரையில் அதே செடிக்கு மீண்டும் மீண்டும் வரவேண்டும். பறித்த காய், 'ஸ்டோர்' என்று இங்கு வழங்கும் உலர்கூடத்தில் வாடி, ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு எடைக்கு வந்தபின்பே நம் பாயசத்திற்கு வந்து சேர்கிறது. ஆகவே கேமரா விரும்பும் எதுவும் அங்கில்லை. ஒளி இல்லை, தொலைவு இல்லை, முகமும் இல்லை. இருப்பது வளைந்த ஒரு முதுகு.

ஆசிரியர் சற்றுத் திகைத்தார். பின்பு ஒரு வழி கண்டார். கிளைகளின் இடைவெளியில் வெயில் விழுந்த ஓரிடத்திற்கு ஓர் அம்மையாரை அழைத்தார். இடுப்பில் சுற்றியிருந்த பிளாஸ்டிக் தாளை அவிழ்க்கச் சொன்னார். கூடையை மார்போடு அணைத்துச் சிரிக்கச் சொன்னார். எட்டுக் கேமராக்கள் ஒலித்தன. நம்முடையதும் அவற்றுள் ஒன்று. அந்த அம்மையார் தாளை மறுபடி சுற்றிக்கொண்டே, "எடுத்த படத்தையெல்லாம் யாரு பாப்பாங்க சார்? எங்களுக்கு ஒண்ணு வருமா?" என்று கேட்டார். "கட்டாயம் அனுப்புகிறோம் அம்மா" என்று அனைவரும் ஒரே குரலில் சொன்னோம். முகவரி கேட்டவர் எவருமில்லை.

மூன்றாம் நாள் மாலை, போடியில் விடுதிக் கூடமொன்றில் படங்களைத் திரையிட்டார்கள். ஆளுக்குப் பத்தாக எண்பது படங்கள். ஏலத்தை ஏலம் விடும் ஊர் என்று போடியைப் பற்றி ஒரு சிலேடை உண்டு. நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏல நிலையம் இங்கே இருக்கிறது. அங்கு வணிகர் பார்ப்பது மாதிரிக் காயின் பச்சை நிறத்தையும் மில்லிமீட்டர் கணக்கில் அதன் பருமனையும். அது அவர்கள் தொழில், குறை சொல்வதற்கில்லை. அன்று மாலை நாமும் அவ்வாறே அமர்ந்து, நிறம் நன்று, கூர்மை போதாது என்று தரம் பிரித்துக்கொண்டிருந்தோம்.

எண்பதில் ஏலத்தோட்டப் படங்கள் பன்னிரண்டு. அவற்றில் எட்டு, அந்த அம்மையாரின் சிரிப்பு. எட்டிலும் ஒரே சிரிப்பு. இப்படங்களைப் பொய் என்று கூறத் தயங்குகிறோம். அவர் சிரித்தது உண்மை, வெயில் உண்மை, காயும் உண்மை. ஆயினும் ஏலத்தோட்டத்தில் வெயிலில் நின்று கூடையை அணைத்துச் சிரிப்பவர் எவருமில்லை. உழைப்பின் கருவிகளை அகற்றிவிட்டு உழைப்பாளியை மட்டும் எடுத்த படங்கள் அவை. நிழற்படம் என்று நம் மொழி இக்கலைக்குப் பெயர் வைத்திருக்கிறது. நிழலைக் கண்டால் ஓடுகிற கலைக்கு இப்பெயர் பொருந்துமா என்று அன்று கேட்கத் தோன்றியது.

ஒரு படத்தை மட்டும் இங்குத் தனியே குறிப்பிடவேண்டும். குழுவில் மிக இளையவர் எடுத்தது. தோட்டத்து மரக்கிளை ஒன்றில் வரிசையாகத் தொங்கும் பதினொரு தூக்குவாளிகள். அடியில் கழற்றிவிட்ட செருப்புகள். படம் இருண்டிருந்தது, சற்றுக் கலங்கியும் இருந்தது. "ஒளி போதவில்லை" என்று ஆசிரியர் அடுத்த படத்திற்குச் சென்றுவிட்டார். நம் கருத்தில் எண்பதிலும் அதுவே சிறந்தது. பதினொரு பேர் விடியுமுன் எழுந்து சோறு பொங்கியிருக்கிறார்கள். மதியம் வரை அது அங்கே தொங்கும். அவர்கள் அதோ அந்த இருளுக்குள் இருக்கிறார்கள். ஆள் ஒருவர்கூட இல்லாத அப்படத்தில் அத்தனை பேரும் இருந்தனர்.

இம்மலையை நிழலோடு கண்ட கேமராவும் உண்டு. லெனின் பாரதி இயக்கி, தேனி ஈஸ்வர் ஒளிப்பதிவு செய்து, 2018 ஆகஸ்டில் வெளிவந்த 'மேற்குத் தொடர்ச்சி மலை' என்னும் திரைப்படத்தையே சொல்கிறோம். ஒளிப்பதிவாளர் இம்மாவட்டத்தின் பெயரையே தம் பெயரோடு சேர்த்துக்கொண்டவர். சொந்தமாக ஒரு துண்டு நிலம் வேண்டும் என்ற ஒரே கனவோடு மலையேறி இறங்கும் ரங்கசாமியின் கதை அது. அங்கும் முகில் உண்டு, மழை உண்டு, பேரழகு உண்டு. ஆனால் அந்தக் கேமரா நடப்பவனின் பின்னால் நடக்கிறது. அவன் மூச்சு வாங்கும் இடத்தில் தானும் நிற்கிறது. நிலத்தின் விலையாகவே எண்ணி அவன் சுமந்துசெல்லும் ஏலக்காய் மூட்டை சரிந்து பள்ளத்தில் சிதறும் காட்சியில், பார்ப்பவர் வயிறு கலங்குகிறது. நாம் உச்சியிலிருந்து எடுத்த அதே வகைப் பள்ளத்தாக்குத்தான். அங்கே அதற்கு ஆழம் இருக்கிறது. இறுதியில் அவன் காற்றாலையின் காவலாளியாக அமர்ந்திருக்க, கேமரா விலகி விலகி மேலே செல்கிறது. வானிலிருந்து பார்க்கும் அழகிய காட்சியை அவ்வியக்குநர் கடைசி வரையில் சேமித்துவைத்து, அழகாய்த் தெரிவதே வலிக்கும் இடத்தில் கொண்டுவந்து வைத்தார். சிலருக்கு அப்படம் மெதுவாகச் செல்வதாகத் தோன்றலாம். சுமையோடு ஏறுகிறவன் மெதுவாகத்தான் ஏறுவான்.

பயிலரங்கு என்பதற்கும் வேறு பொருள் இருக்கமுடியும் என்பதற்கு மதுரைப் பக்கத்திலேயே சான்று உள்ளது. ஜவகர்லால்புரத்தில் மீன் விற்ற தாய்க்குப் பிறந்து, கடன்பட்டு முதற்கேமராவை வாங்கியவர் எம். பழனிக்குமார். ஊரக மக்களின் வாழ்வை ஆவணப்படுத்தும் 'பாரி' நிறுவனத்தில் நிழற்படக் கலைஞரான அவர், 2022-இல் தயாநிதா சிங்–பாரி விருதை முதன்முதலாகப் பெற்றார். மலக்குழியில் மாண்டவர்களின் குடும்பங்களையும், இராமநாதபுரத்துக் கடலில் பாசி எடுக்கும் பெண்களையும், தம் அன்னையின் மீன் வணிகத்தையும் படமாக்கியவர். அவர் நடத்தும் பயிலரங்குகளில் கேமராவைப் பெறுவோர் தூய்மைப் பணியாளர், மீனவர் முதலியோரின் பிள்ளைகள். கற்றுக்கொண்டு அவர்கள் படமெடுப்பது தம் தெருவையும் தம் பெற்றோரையும். அங்கே மாணவர் பயணம் போவதில்லை; ஏற்கெனவே அங்கு இருக்கிறார்கள். ஏலத்தோட்டத்து வீடுகளிலும் பள்ளி செல்லும் பிள்ளைகள் உண்டு. தூக்குவாளியை அவர்கள் எவ்வாறு எடுப்பார்கள் என்று காண ஆவலாயிருக்கிறது.

நல்ல சமாரியர் உவமையை மறையுரைகளில் பலமுறை கேட்டிருக்கிறோம். குரு, லேவியர், சமாரியர் மூவருமே குற்றுயிராய்க் கிடந்தவரைக் கண்டனர் என்று லூக்கா எழுதியிருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. மூவரின் கண்ணும் ஒன்றையே கண்டது. ஒருவர்தாம் அருகே சென்றார். அதே நற்செய்தியில் அன்னை மரியா மலைநாட்டுக்குச் செல்கிறார். விரைந்து சென்றவர்தாம், ஆனால் விரைந்து திரும்பவில்லை. ஏறத்தாழ மூன்று மாதம் எலிசபெத்தின் வீட்டில் தங்கினார். திருத்தந்தை பிரான்சிஸ் 2021-ஆம் ஆண்டின் சமூகத் தொடர்பு நாள் செய்திக்கு, "வந்து பாரும்" என்று நத்தனியேலுக்குப் பிலிப்பு விடுத்த அழைப்பையே தலைப்பாக்கி, செருப்புத் தேய நடந்து மக்களைச் சந்திக்காமல் உண்மையைச் சொல்ல இயலாது என்ற கருத்தை வலியுறுத்தினார். வருதல் முதலில், பார்த்தல் பின்பு. 'பார்' என்னும் சொல்லுக்கு நம் மொழியில் 'பார்த்துக்கொள்' என்றொரு விரிவும் உண்டு.

மூன்று நாளில் வந்துபோகிறவன் மூன்று மாதம் தங்குவது எங்ஙனம் என்று கேட்கலாம். நேர்மையான கேள்வி. தங்கவேண்டாம். முதல் நாள் முற்பகல் கேமராவை அறையில் வைத்துவிட்டுத் தோட்டத்தில் நடக்கலாம். ஒரு சரத்தைக் குனிந்து பறித்துப் பார்க்கலாம். பெயரும் ஊரும் கேட்டுவிட்டு அதன்பின் படம் எடுக்கலாம். எடுத்த படத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பதையும் பாடத்தின் ஒரு பகுதியாக வைக்கலாம். இவற்றிற்குக் கட்டணம் ஏறாது.

கடைசியாகச் சொன்னதை நாம் காலம் கடந்து செய்தோம். மாசி பிறந்ததும் அந்தப் படத்தை அச்சிட்டு எடுத்துக்கொண்டு மீண்டும் போடிக்குச் சென்றோம். முகவரி இல்லை, தோட்டத்தின் பெயரும், அங்குச் செல்லும் ஜீப்புகள் நிற்கும் இடமும் மட்டுமே தெரியும். விடியற்காலை ஐந்து மணிக்கு, நான்காவதாக வந்த ஜீப்பில் அவர் இருந்தார். நம்மை அடையாளம் தெரிந்துகொள்ளச் சிறிது நேரமாயிற்று. படத்தை வாங்கி, ஜீப்பின் முன்விளக்கில் பிடித்துப் பார்த்தார். முகத்தை அவர் பார்த்ததாகத் தெரியவில்லை. கூடையைப் பார்த்தார்.

"என்ன சார் இது, காயும் பிஞ்சுமாக் கெடக்கு! நீங்க கூப்பிட்ட அவசரத்துல அள்ளிப் போட்டது. கங்காணி கண்ணுல பட்டா வையப் போறாரு" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். பக்கத்திலிருந்தவர் படத்தை வாங்கிப் பார்த்து, "ஆமாக்கா, பூராம் பிஞ்சு" என்றார். படம் ஜீப்புக்குள் கைமாறிக் கைமாறிப் பின்னால் சென்றது. ஓட்டுநர் ஒலிப்பானை அழுத்தினார். அவர் தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு நமக்குக் கையசைத்தார். வண்டி போடிமெட்டுச் சாலையில் திரும்பியது.