விதியை மாற்று, கால் தானே கற்கும்

விளையாட்டின் வழியே பிள்ளைகள் உடலசைவுத் திறன் பெறுவது பற்றி எழுதும்படி மலர்க் குழுவினர் பணித்தார்கள். நம் உடற்கல்வி ஆசிரியர் சங்கத்தை வளர்த்த மூத்தவர்கள் முன்னிருக்க நான் எழுதுவது சற்று அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனாலும் குழுவினர் சொல்லைத் தட்ட முடியவில்லை. யார் யாரிடம் பயின்றார் என்பது நம் உறுப்பினர்களுக்குத் தெரியும். அதனால் ஒவ்வொரு பயிற்சி மரபும் எதைத் தரம் என்று கொண்டது என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் டிரில் மரபு. ஸ்டாக்ஹோமில் 1813-இல் லிங் தொடங்கிய உடற்பயிற்சிக் கழகத்தின் வழிவந்தது. கட்டளை, வரிசை, எண்ணிக்கை. நேராக நிற்கவும் மூச்சை ஆளவும் பழக்கியதில் அதற்கு ஈடில்லை. நம் ஆசான்களின் ஆசான்கள் பலர் அந்த வழியினர். அவர்களைக் குறைசொல்ல எனக்கு நா எழாது. ஆனால் எண்ணிக்கைக்கு எழும் காலுக்கு, எதிரே ஆள் பாய்ந்தால் எந்தப் பக்கம் விலகுவது என்று தெரிவதில்லை.

அடுத்தது நந்தனம் மரபு. பக் துரை 1920-இல் சென்னையில், இன்று நந்தனத்தில் உள்ள ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கியபோது விளையாட்டே பாடமாக வந்து சேர்ந்தது. அவர் சார்ந்த ஒய்.எம்.சி.ஏ. இயக்கத்தில்தான், ஸ்பிரிங்ஃபீல்டில், 1891-இல் நெய்ஸ்மித் கூடைப்பந்தை வகுத்தார். பந்தோடு ஓடக் கூடாது என்றார். முரட்டு மோதல் குறைந்தது. இலக்கைத் தலைக்கு மேலே கிடையாக வைத்தார். பலங்கொண்டு எறிந்து பயனில்லை, வளைத்து மெல்லப் போட வேண்டியதாயிற்று. மணிக்கட்டை இப்படி வளை என்று யாரும் சொல்லித் தரவில்லை. விதியே சொல்லித் தந்தது.

இதைத் தன் தொழிலின் உயிராகக் கொண்டவர் எங்கள் ஐயா. பெயர் சொல்லாமலே மூத்தவர்களுக்கு விளங்கும். கபடி வகுப்பில் அவர் பிடிகளை வரிசையாகச் சொல்லித் தந்து நான் பார்த்ததில்லை. களத்தை அகலத்தில் பாதியாக்குவார். பாடிப் போகிறவன் காலால் மட்டுமே தொடலாம் என்பார். ஒரு வாரத்தில் பையன்கள் இடுப்பைத் தாழ்த்தி, ஒற்றைக்காலில் எடை வைத்து, மறுகாலை நீட்டி மீளப் பழகிவிடுவார்கள். அதற்குப் பிறகுதான் அந்த உதைக்குப் பெயர் சொல்வார். மாட்டிக்கொண்டவனைத் திட்டமாட்டார், “எந்த மூலை காலியா இருந்துச்சு?” என்று கேட்பார். அடுத்த முறை போகும்போது அவன் கண் அந்த மூலையைத் தேடும்.

அவுட்டானவனை வெளியே உட்கார வைப்பதும் அவருக்குப் பிடிக்காது. ஆடத் தெரியாதவன்தான் முதலில் அவுட்டாவான். ஆட்டம் அதிகம் தேவைப்படுகிறவனும் அவனே. அதனால் பக்கத்தில் இன்னொரு சிறு களம் கிழித்து அங்கே அனுப்பிவிடுவார். வெளியே உட்கார்ந்திருப்பவன் மண்ணில் கோடு கிழிக்கத்தான் கற்பான் என்பது அவர் வாக்கு.

பின்னாளில், 1982-இல், இங்கிலாந்தின் லஃபரோவில் பங்கரும் தோர்ப்பும், முதலில் ஆட்டம் புரியட்டும், எப்போது எதைச் செய்வது என்ற முடிவு வரட்டும், நுட்பம் அதன்பின் வரட்டும் என்று எழுதினார்கள். அதற்கும் முன்பு, 1920-களில், மாஸ்கோவில் பெர்ன்ஸ்டைன் சுத்தியல் அடிக்கும் தொழிலாளரை ஆராய்ந்தார். தேர்ந்தவரின் அடி ஒரே இடத்தில் விழுந்தாலும், தோளும் முழங்கையும் ஒவ்வொரு முறையும் சற்றே வேறு விதமாக அசைவதைக் கண்டார். ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வதல்ல பயிற்சி; ஒரே சிக்கலைத் திரும்பத் திரும்பத் தீர்ப்பதே பயிற்சி. எங்கள் ஐயா இவற்றைப் படித்தாரா என்பது முக்கியமில்லை. செய்தார்.

இன்றைய நிலைக்கு வருகிறேன். யாரையும் மனத்தில் வைத்துச் சொல்லவில்லை. நம் சங்கத்தார் எவரும் இதில் அடங்கமாட்டார்கள் என்றே நம்புகிறேன். எந்த மைதானத்துக்குப் போனாலும் தரையில் காலடிப் பயிற்சிக்கென ஒரு பிளாஸ்டிக் ஏணி விரித்துக் கிடக்கிறது. உடலைச் சூடேற்ற ஐந்து நிமிடம் என்றால் சரி. ஆனால் பீரியட் முழுக்க அதுவேதான். ஏணியின் கட்டங்கள் எல்லாம் ஒரே அளவு. அது நகராது, ஏமாற்றாது, குறுக்கே விழாது. அதில் குதித்த பிள்ளை ஏணியில் குதிப்பதில்தான் தேர்கிறான். ஏணி வந்தது, கிளித்தட்டு போயிற்று. நொண்டி போயிற்று. ஏணிக்குத் துணையாகக் கூம்புகள் வந்தன; கூம்புக்குத் துணையாகக் கைப்பேசி வந்தது, படம்பிடிக்க. ஆண்டுவிழாவில் ஏணி. “உங்க பள்ளியில ஏணி இல்லையா?” என்று பெற்றோரும் கேட்கிறார்கள். நடுக்கோட்டில் தடுமாறும் பையன்கள், வெறும் நிலத்தில் கால் பின்னி விழும் பிள்ளைகள், வட்டாரப் போட்டிகளில் குன்றிய ஆட்டத்தரம், உடற்கல்வி பீரியடைக் கணக்குப் பாடத்துக்குக் கேட்டு வாங்கும் துணிவு என எல்லாவற்றுக்கும் அந்த ஏணியே காரணம் என்பேன். மிகைப்படுத்துகிறேன் என்று சொல்பவர்கள், தங்கள் மாணவன் ஒருவனைக் கிளித்தட்டுக் கோட்டில் நிறுத்திப் பார்க்கட்டும்.

சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த பயிற்சி முகாமில் ஒரு நாளைச் சிறு விளையாட்டுகளுக்கென்றே ஒதுக்குங்கள். மூத்தவர்கள் ஒவ்வொருவரும் தாம் மாற்றியமைத்த ஒரு விதியையும், அதனால் பிள்ளைகளிடம் கண்ட அசைவையும் எழுதித் தரட்டும். ஐயாவின் அரைக்களக் கபடியை நான் எழுதித் தருகிறேன். அடுத்த மலரில் வாழ்த்துரைகளைச் சற்றுக் குறைத்தாலும், அந்த விதிகளை முழுதாக அச்சிட வேண்டும்.