மேட்டுப்பாளையம் சாலையில் இரு மறுஆக்கங்கள்: ‘மிருதன்’, ‘மாநாடு’ படங்களில் நிலமும் அரசியலும்

ஆய்வுச் சுருக்கம்

மேலைநாட்டு அறிவியல் புனைவுப் படங்களின் கதைச்சட்டகம் தமிழ் நிலத்தில் பொருத்தப்படும்போது அதன் அரசியல் எவ்வாறு மாறுகிறது என்பதை ‘மிருதன்’ (2016), ‘மாநாடு’ (2021) ஆகிய இரு படங்களைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. இரண்டு கதைகளும் கோவை – உதகை வழித்தடத்தைச் சார்ந்தவை. கதை இறக்கிவைக்கப்படும் ஊரின் நினைவுக்குப் படம் எவ்வளவு இடம் தருகிறதோ, அந்த அளவிலேயே மறுஆக்கத்தின் அரசியல் அமைகிறது என்பது கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: அறிவியல் புனைவு, மறுஆக்கம், கொங்கு நிலம், காலச்சுழல், நகர நினைவு.

மறுஆக்கமும் ஊரும்

ஜாக் ஃபின்னி 1955இல் வெளியிட்ட புதினத்தைத் தழுவி டான் சீகல் இயக்கிய ‘இன்வேஷன் ஆஃப் தி பாடி ஸ்னாட்சர்ஸ்’ (1956) கலிபோர்னியாவின் கற்பனைச் சிற்றூர் ஒன்றில் நிகழ்கிறது. அண்டை வீட்டார் முகம் மாறாமல் மனம் மாறிப்போவதைக் காட்டும் அப்படத்தைப் பொதுவுடைமை அச்சத்தின் வெளிப்பாடு என்றும், அந்த அச்சத்தைத் தூண்டிய மெக்கார்த்தியத்தின் மீதான கண்டனம் என்றும் இருவேறாகப் படித்திருக்கின்றனர். 1978இல் பிலிப் காஃப்மன் கதையைச் சான்பிரான்சிஸ்கோ பெருநகருக்குக் கொண்டுசென்றார். அங்கு அண்டை வீட்டார் என்ற உறவே முன்பே தளர்ந்திருந்தது. அரசு அலுவலகங்கள்தாம் முதலில் பறிபோகின்றன. 1993இல் ஏபெல் ஃபெராரா இராணுவ முகாமைத் தேர்ந்தார். 2007இல் கதை வாஷிங்டனை அடைந்தது. கதை ஒன்றே, ஊர் மாறியபோதெல்லாம் எதிரி யார் என்பதும் மாறியது.

தமிழில் இத்தகைய உரிமம் பெற்ற அறிவியல் புனைவு மறுஆக்கங்கள் அரிது. அறிந்த சட்டகம் ஒன்றை எடுத்து உள்ளூர்க் கதையாக நெய்வதே இங்குப் பெருவழக்கு. இக்கட்டுரையில் ‘மறுஆக்கம்’ என்னும் சொல் அந்த விரிந்த பொருளிலேயே ஆளப்படுகிறது. உரிமத்தோடு செய்யும் மறுஆக்கம் கோவைக்குப் புதிதன்று என்பதையும் இடையே குறிப்பிடலாம். நாமக்கல் கவிஞரின் புதினத்தைத் தழுவிய ‘மலைக்கள்ளன்’ (1954) படத்தைப் பட்சிராஜா ஸ்ரீராமுலு நாயுடு தெலுங்கு, மலையாளம், கன்னடம், இந்தி, சிங்களம் என ஐந்து மொழிகளுக்குக் கொண்டுசென்றார். மு. கருணாநிதியின் வசனத்தில் இருந்த இயக்கச் சூடு இந்தி ‘ஆசாத்’ (1955) படத்தில் இல்லை; அது களிப்பூட்டும் சாகசமாகவே நின்றது. கதை எல்லை கடக்கும்போது முதலில் உதிர்வது அரசியல்தான் என்பதற்குக் கொங்கு மண்ணிலிருந்தே கிடைக்கும் பழைய சான்று அது.

ஆய்வுக்குரிய இரு படங்களும் ஒரே சாலையில் எதிரெதிர்த் திசையில் செல்கின்றன. ‘மிருதன்’ உதகையிலிருந்து கோவைக்கு இறங்குகிறது. ‘மாநாடு’ கோவை விமான நிலையத்திலிருந்து உதகைக்கு ஏற முற்படுகிறது. பீளமேட்டில் இறங்கி மலைக்குச் செல்பவர் சரவணம்பட்டி வழியாகத் துடியலூரில் மேட்டுப்பாளையம் சாலையைப் பிடித்து, பெரியநாயக்கன்பாளையம், காரமடை கடந்து அடிவாரத்தை அடையலாம். திரையில் சில நொடிகளில் கடந்துபோகும் இத்தொலைவு இங்கு வாழ்வோருக்கு நிகழ்வுகள் செறிந்த நிலம்.

நச்சும் கூட்டமும்

சக்தி சௌந்தர் ராஜன் இயக்கிய ‘மிருதன்’ தமிழின் முதல் ஸோம்பி படமாக முன்வைக்கப்பட்டது. சிந்திக் கிடந்த நச்சு இரசாயனத்தை ஒரு நாய் குடிக்கிறது. அதன் கடியால் தொற்று மனிதருக்குப் பரவுகிறது. உதகையின் போக்குவரத்துக் காவலரான நாயகன் (ஜெயம் ரவி) மருந்து காணக்கூடிய மருத்துவர்களைக் கோவைக்கு அழைத்துச் செல்கிறான்.

இவ்வகைப் படங்களின் மூலமான ஜார்ஜ் ரொமேரோவின் ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ (1968) ஓர் அரசியல் படமாக நிலைபெற்றது அதன் இறுதிக் காட்சியால். இரவு முழுதும் போராடித் தப்பிய கறுப்பின நாயகன் பென், விடிந்ததும் வெள்ளையர் வேட்டைக்குழுவால் பிணம் எனக் கருதப்பட்டுச் சுடப்படுகிறான். அவ்வாண்டில்தான் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். கூட்டத்தைச் சுடும் உரிமை யாருக்கு உண்டு, சுடப்படுபவர் மனிதரா அல்லரா என்பதை யார் தீர்மானிக்கிறார் என்பன அப்படம் எழுப்பிய வினாக்கள். 1990இல் ரொமேரோவே திரைக்கதை எழுத, டாம் சவினி இயக்கிய மறுஆக்கத்தில் பென் உண்மையிலேயே தொற்றுற்றவனாக மாறிய பின்னரே சுடப்படுகிறான். அநீதி அங்குத் தவிர்க்கப்பட்டுவிட்டது. அதற்கு ஈடாகப் பார்பரா என்னும் பெண் பாத்திரம் செயலூக்கம் பெறுகிறது. பிணங்களைத் தொங்கவிட்டு விளையாடும் ஊராரை அவள் அருவருப்புடன் நோக்குகிறாள். ஒரு வினா போனாலும் வேறொன்று அவ்விடத்தை நிரப்பியது.

‘மிருதன்’ படத்தில் இவ்வினா தொடக்கத்திலேயே அடைபட்டுவிடுகிறது. துப்பாக்கி ஏந்துபவன் சீருடை அணிந்தவன். ஆகவே சுடுவதற்கு வேறு நியாயம் தேவைப்படவில்லை. கூட்டம் பெயரற்றது, ஊரற்றது. இறுதியில் நாயகனும் தொற்றுக்கு ஆளாகும்போது மட்டுமே தொற்றுற்றவரும் மனிதரே என்ற உணர்வுக்குப் படம் திரும்புகிறது. அதுவும் அன்பின் துயரமாகவே எஞ்சுகிறது. அதற்குமுன் வீழ்ந்தவர்களைப் பற்றிய கேள்வியாக வளர்வதில்லை.

கோவையின் அண்மை வரலாற்றில் போக்குவரத்துக் காவலர் என்ற உருவம் எளிய ஒன்றன்று. 1997 நவம்பர் 29 அன்று உக்கடத்தில் போக்குவரத்துக் காவலர் ஒருவர் கொல்லப்பட்டார். அதைத் தொடர்ந்த வன்முறையிலும் காவல்துறைத் துப்பாக்கிச்சூட்டிலும் இஸ்லாமியர் 18 பேர் உயிரிழந்தனர். படக்குழு இதை எண்ணியிருக்கும் என்று கொள்ள இடமில்லை. ஆயினும் கோவைச் சாலையில் காவலர் கூட்டத்தைச் சுட்டு வழியமைக்கும் காட்சியை இந்நகரின் பார்வையாளர் எந்த நினைவும் இன்றிக் காண வேண்டும் என்று படம் கேட்கிறது.

இதினும் பெரிய இழப்பு, இரசாயனம் பற்றியது. யாருடைய கழிவு, எங்கிருந்து எங்குச் சென்றது என்னும் வினா கதையின் மையத்துக்கு வருவதே இல்லை. மேட்டுப்பாளையத்தை அடுத்த சிறுமுகையில் இயங்கிய விஸ்கோஸ் ஆலையின் கழிவு பவானி ஆற்றில் கலந்ததற்கு எதிராக 1990களில் மக்கள் போராடினர். திருப்பூர்ச் சாயக்கழிவு நொய்யலில் கலந்து, பாசனத்துக்கென 1992இல் அமைந்த ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. தண்ணீரைத் திறக்க வேண்டாம் என்று உழவர்களே வேண்டும் நிலை வந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாய ஆலைகளை மூட ஆணையிட்டது. ‘மிருதன்’ படத்திலோ தொற்றுற்றோர் நீரைக் கண்டு அஞ்சி விலகுகின்றனர், நீர் காப்பாகிறது. வெறிநாய்க்கடியின் இயல்பைக் கதைக்கு எடுத்துக்கொண்ட இக்கற்பனை நேர்த்தியானதே. ஆனால் நீரே நஞ்சாகிப்போன ஆற்றுப்படுகையில் நின்று அதைக் காண்பவருக்கு, படம் தன் காலடியில் கிடந்த கதையைத் தாண்டிச் சென்றுவிட்டது புலப்படும்.

இரத்தமும் நாளும்

வெங்கட் பிரபுவின் ‘மாநாடு’ இவ்வகையில் துணிவான படம். துபாயிலிருந்து நண்பனின் திருமணத்துக்காக வரும் அப்துல் காலிக் (சிலம்பரசன்), முதலமைச்சரைக் கொல்லும் சதியில் சிக்கவைக்கப்படுகிறான். இறக்கும்தோறும் அதே நாளின் தொடக்கத்தில், கோவையை நெருங்கும் விமானத்தில் கண்விழிக்கிறான். ‘கிரவுண்ட்ஹாக் டே’ (1993) தன்னலமுள்ள ஒருவனைத் திருத்துவதற்குக் காலச்சுழலைப் பயன்படுத்தியது. ‘சோர்ஸ் கோட்’ (2011), ‘எட்ஜ் ஆஃப் டுமாரோ’ (2014) ஆகியவை அதைப் போர்வீரனின் பயிற்சிக்களமாக்கின. ‘மாநாடு’ அதே கருவியை வேறொரு பணிக்கு அமர்த்துகிறது: ஒரு குற்றம் எவ்வாறு தயாரிக்கப்படுகிறது, அதற்குரிய ‘பயங்கரவாதி’ எவ்வாறு முன்கூட்டியே தேர்ந்தெடுக்கப்படுகிறான் என்பதைக் காட்டும் பணி அது. ஒரே நாளை மீண்டும் மீண்டும் அடுக்கிப் பார்ப்பது விசாரணை ஆணையங்கள் செய்யும் வேலை. அவ்வேலையை வெகுமக்கள் படமொன்று நகைச்சுவை குன்றாமல் செய்திருப்பது பாராட்டத்தக்கது.

ஆனால் இச்சுழல் காலிக்கிடம் கேட்கும் விலையையும் நோக்க வேண்டும். மேலைப் படங்களின் நாயகர் தம்மைத் திருத்திக்கொள்ளவோ வெல்லவோ இறக்கின்றனர். காலிக்கிடம் திருத்த வேண்டிய குறை எதுவும் இல்லை, தொடக்கத்திலேயே நல்லவன். எனினும் ஐயத்துக்கு உள்ளான சமூகத்தின் இளைஞன் தன் நேர்மையை ஒவ்வொரு முறையும் உயிர்கொடுத்து மெய்ப்பிக்க வேண்டியிருக்கிறது. படம் அநீதி எனச் சுட்டும் நிலையைப் படத்தின் வடிவமே திரும்பச் செய்கிறது.

படத்தின் மிகக் கூரிய மாற்றம் இரத்தம் தொடர்பானது. ‘எட்ஜ் ஆஃப் டுமாரோ’ படத்தில் வேற்றுயிரியின் இரத்தத்தால் சுழலாற்றல் பெறும் வீரன், மனித இரத்தம் ஏற்றப்பட்டதும் அதை இழக்கிறான். ‘மாநாடு’ இதைத் தலைகீழாக்குகிறது. காயமுற்ற காவல் அதிகாரி தனுஷ்கோடிக்கு (எஸ். ஜே. சூர்யா) காலிக்கின் இரத்தம் ஏற்றப்படுவதால் அவனும் சுழலுக்குள் வந்துவிடுகிறான். இந்தியத் திரையில் இரத்ததானம் என்பது மத ஒற்றுமையின் நிலைத்த குறியீடு. ‘அமர் அக்பர் அந்தோணி’ (1977) படத்தில் மூவரின் இரத்தம் ஒரே நேரத்தில் ஒரு தாய்க்கு ஏறும். தனுஷ்கோடியின் உடலில் ஓடும் இஸ்லாமிய இரத்தமோ அவனைச் சிறிதும் மாற்றவில்லை. காலிக்கின் நினைவு முழுதும் அவனுக்குக் கிடைக்கிறது. அதைக் கொண்டு சதியை இன்னும் செம்மையாக்குகிறான். உண்மை தெரிந்துவிட்டால் வெறுப்பு தானே கரைந்துவிடும் என்ற பழைய நம்பிக்கையைப் படம் இங்கு மறுத்துவிடுகிறது. வசனங்களில் வெளிப்படும் நல்லிணக்க உரையைவிட இதுவே படத்தின் முதிர்ந்த அரசியல் கூற்று. சூர்யாவின் நடிப்புக்குத் திரையரங்கில் எழுந்த ஆரவாரம் இதை ஓரளவு மறைத்துவிட்டது எனலாம்.

சுழலுக்குப் படம் தரும் காரணம் இதற்கு நிகரான துணிவுடையதன்று. ‘கிரவுண்ட்ஹாக் டே’ எந்தக் காரணமும் கூறாது. ‘மாநாடு’ காரணம் கூறுகிறது: மதக்கலவரத்தின் நடுவே உஜ்ஜயினியின் காலபைரவர் கோயிலில் பிறந்தவன் காலிக். காலத்தின் தெய்வம் ஓர் இஸ்லாமியக் குழந்தைக்கு அருளுவது அழகிய கற்பனை. ஆயினும் அவனுடைய ஆற்றலுக்கும் அதன்வழி அவனது நம்பகத்தன்மைக்கும் கோயிலே சான்றளிக்க வேண்டியிருப்பதைக் கவனிக்காமல் இருக்க முடியாது. அதனினும் முதன்மையானது, கலவரத்தின் ஊற்று தமிழ் நிலத்துக்கு வெளியே, வடக்கே, வைக்கப்பட்டிருப்பது. பாத்திரங்கள் எதைப் பேசினாலும் கதையை இயக்கும் காயம் உஜ்ஜயினியில்தான் இருக்கிறது.

கோவைக்கோ தனக்கே உரிய காலச்சுழல் ஒன்று உண்டு. 1998 பிப்ரவரி 14 அன்று நகரில் வெடித்த தொடர்குண்டுகள் 58 உயிர்களைப் பறித்தன. அன்றிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் அதே நாளில் நகரெங்கும் காவல் பலப்படுத்தப்படுகிறது. தொடர்வண்டி நிலையத்தில் பைகள் சோதிக்கப்படுகின்றன. சாலைச் சந்திப்புகளில் வாகனங்கள் நிறுத்தப்படுகின்றன. முந்தைய நவம்பரில் இறந்தவர்களையும் அந்தப் பிப்ரவரியில் இறந்தவர்களையும் ஒருங்கே நினைவுகூரும் வழக்கம் மட்டும் பொதுவெளியில் வேரூன்றவில்லை. யாருடைய மரணத்திலிருந்து நாளை எண்ணத் தொடங்குவது என்பதிலேயே நகரம் பிளவுபட்டிருக்கிறது. காலச்சுழல் என்னும் வடிவம் கேட்கக்கூடிய கேள்வியும் அதுவே: அந்நாள் எங்கிருந்து தொடங்குகிறது? காலிக்குக்கு அது ஒவ்வொரு முறையும் கோவைக்கு மேலே, இறங்கத் தொடங்கும் விமானத்தில் தொடங்குகிறது. விமானம் தரையைத் தொட்டதும் படம் அவனை உதகைச் சாலைக்கு அனுப்பிவிடுகிறது.